'கணக்கு வராது' என்னும் தீர்ப்பு

தமிழ்த்துறையில் சேர வரும் மாணவியரை "ஏனம்மா தமிழைத் தேர்ந்தாய்?" என்று வினவினால், "தமிழ்மீது பற்று" என்னும் விடையைவிட "எனக்குக் கணக்கு வராது" என்னும் விடையே மிகுதியாகக் கிடைக்கின்றது. கணக்குக்கு அஞ்சியோரின் புகலிடமாகத் தமிழைக் கருதுவது தமிழுக்குப் பெருமையன்று. அது தனியே பேசவேண்டிய செய்தி. இச்சொற்றொடரை அம்மாணவிக்குக் கற்பித்தவர் யார் என்பதே ஈண்டு என் வினா.

பெண்களுக்குக் கணித அறிவு இயல்பிலேயே குறைவு என்று கருதுவோர் கற்றோரிடையேயும் உளர். அமெரிக்காவில் பென்போ, ஸ்டான்லி என்னும் ஆய்வாளர் இருவர் 1980இல் வெளியிட்ட கட்டுரை, ஆண்பிள்ளைகளின் மேம்பட்ட கணிதத்திறனே வேறுபாட்டுக்குக் காரணமாகலாம் என்றது. பதின்மூன்று வயதுக்குட்பட்டோருள் கணிதத் தேர்வில் 700க்கு மேல் பெற்றவர்கள், ஒரு பெண்ணுக்குப் பதின்மூன்று ஆண்கள் என்னும் அளவில் இருந்தனர் என்று 1983இல் அவர்களே கணக்கிட்டனர். முப்பதாண்டுகளுக்குள் அந்த அளவு ஏறத்தாழ ஒன்றுக்கு நான்காகச் சுருங்கிவிட்டது. பிறவிக்குணம் ஒரு தலைமுறைக்குள் இத்துணை மாறுமோ? அந்நாட்டின் பத்து மாநிலங்களில் எழுபது இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவரின் மதிப்பெண்களை ஆராய்ந்த ஜேனட் ஹைட் குழுவினர், சராசரியில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று 2008இல் எழுதினர்.

வேறுபாடு மனப்பான்மையில் இருக்கின்றது. ஃபென்னமா, ஷெர்மன் என்னும் பெண்மணியர் இருவர் 1976இல் இதனை அளக்க வினாத்தொகுதி ஒன்றை வகுத்தனர். மாணவரின் தன்னம்பிக்கையையும் அச்சத்தையும் மட்டும் அவர்கள் வினவவில்லை. தாய் என்ன கருதுகிறாள், தந்தை என்ன கருதுகிறார், ஆசிரியர் என்ன கருதுகிறார் என்றும் வினவினர். மதிப்பெண் நிகராக இருக்கும்போதும் பெண்களின் நம்பிக்கை தாழ்ந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் இல்லங்களிலும் இதனைக் காணலாம். மகன் நாற்பது மதிப்பெண் பெற்றால் "படிக்காமல் ஊர் சுற்றினான்" என்கிறோம். மகள் அதே நாற்பதைப் பெற்றால் "அவளுக்கு அவ்வளவுதான் வரும்" என்கிறோம். முன்னது திருத்தக்க குறை. பின்னதோ மேல்முறையீடற்ற தீர்ப்பு.

1977இல் டெஹ்ரானில் பிறந்த மர்யம் மிர்சாகானியும் இத்தகைய தீர்ப்புக்கு ஆளானவரே. நடுநிலைப் பள்ளியின் முதலாண்டில் அவர் கணக்கில் பின்தங்கினார். ஆசிரியர் அவரிடம் தனித்திறன் காணவில்லை. அதனால் தம் நம்பிக்கை குலைந்தது என்று அவரே பின்னாளில் கூறினார். மறுஆண்டு வந்த ஆசிரியர் ஊக்கினார். உயர்நிலைப் பள்ளியில், ஆண்கள் பள்ளியில் நடப்பவை போன்ற சிறப்பு வகுப்புகள் தமக்கும் வேண்டுமென்று தோழியுடன் சென்று கேட்டார். தலைமையாசிரியை ஏற்பாடு செய்தார். ஈரானின் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாட் அணியில் அதுவரை ஒரு பெண்ணும் இடம்பெற்றதில்லை. மிர்சாகானி 1994இல் தங்கம் வென்றார். 1995இல் 42க்கு 42 பெற்று மீண்டும் வென்றார். 1936 முதல் வழங்கப்பெறும் ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014இல் பெற்ற முதற்பெண் அவரே. நாற்பதாம் அகவையில், 2017இல் மறைந்தார். முதலாண்டு ஆசிரியரின் கணிப்போடு கதை முடிந்திருந்தால் இழப்பு யாருக்கு?

எல்லாரும் மிர்சாகானி ஆக இயலுமா என்று பெரியவர்கள் கேட்கலாம். ஆண்பிள்ளைகளைக் கணிதப் பிரிவில் சேர்க்கும்போது இக்கேள்வியை நாம் கேட்பதில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் கணிதமில்லாப் பிரிவுக்கு அனுப்பப்பெறும் மாணவிக்குப் பொறியியல், புள்ளியியல் முதலிய வாயில்கள் பதினைந்து வயதிலேயே அடைபடுகின்றன.

பள்ளித் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரிய ஆய்வு எதுவும் தேவையில்லை. சேர்க்கைப் பதிவேடே போதும். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் ஒத்த மதிப்பெண் பெற்ற ஆண்களையும் பெண்களையும் எடுத்துக்கொண்டு, அவருள் எத்துணைப் பேர் பதினோராம் வகுப்பில் கணிதம் பெற்றனர் என்று ஐந்தாண்டுகளுக்குக் கணக்கிடுங்கள். அப்பட்டியலை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.