கேன்டீன் டேபிள்: 21 வயசு ஜலாலுதீன்!

இன்டர்னல்ஸ் முடிஞ்சு மூச்சு விட்டிருப்பீங்க. அதனால இந்த வாரம் ஈஸியா ஒரே ஒரு கேள்வி. அப்துல் கலாமோட குரு யாரு?

'விக்ரம் சாராபாய்'னு சொன்னா பாதி மார்க். 'ஸ்கூல் வாத்தியார் சிவசுப்பிரமணிய ஐயர்'னு சொன்னா முக்கால் மார்க். முழு மார்க் வேணும்னா நீங்க சொல்ல வேண்டிய பேரு, அகமது ஜலாலுதீன். பாஸ், இது எந்த கைடுலயும் வராது. ஆனா 1999-ல வந்த 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தோட முதல் பக்கங்கள்லயே இவர் இருக்கார்.

எங்க ஊர் அயோத்தியாப்பட்டணத்துல கோதண்டராமர் கோயில் ஃபேமஸ். இலங்கையில இருந்து திரும்பற வழியில ராமர் இங்கே பட்டாபிஷேகக் கோலத்துல காட்சி கொடுத்தார்ங்கறது ஊர்க்கதை. அந்தக் கதையோட இன்னொரு முனை ராமேஸ்வரம். அங்கே சீதா கல்யாண விழாவுல சாமியைத் தெப்பக்குளத்துக்குள்ள கொண்டு போக படகு ஏற்பாடு பண்ணினது கலாமோட குடும்பம்தான். அவர் அப்பா ஜைனுலாப்தீன், பக்தர்களை தனுஷ்கோடிக்கு ஏத்திட்டுப் போக ஒரு மரப் படகு கட்ட ஆரம்பிச்சார். அப்போ கலாமுக்கு வயசு 6. படகு வேலையில கூடமாட ஒத்தாசை பண்ண வந்தவர்தான் ஜலாலுதீன். உறவுக்காரர், குடும்பத்துக்கு நெருக்கமானவர். பின்னாடி கலாமோட அக்கா ஜோஹராவையே கல்யாணம் பண்ணிக்கிட்டவர்.

ரெண்டு பேருக்கும் 15 வயசு வித்தியாசம். ஆனாலும் தோஸ்த் ஆயிட்டாங்க. 'ஆசாத்'னுதான் கூப்பிடுவாராம். சாயங்காலம் ஆனா மசூதித் தெருவுல இருந்து கடற்கரை வரைக்கும் ஒரு வாக்கிங். வழியில சிவன் கோயிலையும் ஒரு சுத்து. கடவுளைப் பத்திப் பேச்சு, படிச்சவங்களைப் பத்திப் பேச்சு, புதுசா கண்டுபிடிச்ச மருந்து, மெஷின் பத்திப் பேச்சு. அந்தச் சின்னத் தீவுக்கு வெளியே ஒரு பெரிய உலகம் இருக்குனு கலாமுக்குக் காட்டினது இந்த நடைதான்.

இதுல கவனிக்க வேண்டிய மேட்டர், ஜலாலுதீன் அதிகம் படிக்கலை. வீட்டு நிலைமை விடலை. ஆனா அன்னிக்கு அந்தத் தீவுலயே இங்கிலீஷ்ல எழுதத் தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான். யாருக்கு மனு வேணும்னாலும், லெட்டர் வேணும்னாலும் எழுதிக் கொடுப்பார். 1939-ல உலகப் போர் வந்தப்போ, அதைப் பத்தி அவர் சொன்ன கதைகளை 'தினமணி' தலைப்புச் செய்தியில தேடிப் பார்ப்பாராம் சின்ன கலாம். ஹைஸ்கூல் படிக்க ராமநாதபுரம் போனப்போ கூடவே போய் சேர்த்துவிட்டதும் அவர். சென்னை எம்.ஐ.டி.யில சேரப் பணம் பத்தாதப்போ, வளையலையும் சங்கிலியையும் அடகு வெச்சது அவர் மனைவி ஜோஹரா. 1963 வாக்குல கலாம் 'நாசா' பயிற்சிக்குக் கிளம்பினப்போ, ராமேஸ்வரத்துல இருந்து பம்பாய் வரைக்கும் போய் வழியனுப்பினதும் இதே மனுஷன்.

அப்புறம்? 1970-களோட நடுவுல, எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வேலை மும்முரமா நடந்துட்டிருந்தப்போ ஜலாலுதீன் காலமானார். திருவனந்தபுரத்துல இருந்த கலாம் ராத்திரி முழுக்க பஸ் மாறி மாறி ஊர் போய்ச் சேர்ந்தார். 1980 ஜூலை 18-ம் தேதி அந்த ராக்கெட் ரோகிணியைச் சரியா சுற்றுப்பாதையில கொண்டு போய் விட்டுச்சு. நாடே கொண்டாடுச்சு. கலாமுக்கு மட்டும் சந்தோஷத்தோட ஒரு வருத்தமும் இருந்துச்சு. இதைப் பார்க்க அப்பா இல்லை, ஜலாலுதீன் இல்லை, சாராபாய் இல்லைனு.

இதை நான் ஏன் இவ்ளோ இழுக்கறேன்னு கேக்கறீங்களா? எங்க வீட்டுக்கும் ஒருத்தர் இருந்தார். அப்பாவோட சிநேகிதர். ஜவ்வரிசி மில்லுல கணக்கு எழுதினவர், எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. நான் 'பெரியப்பா'ன்னுதான் கூப்பிடுவேன். ரிப்பேரான மிக்ஸியை என் முன்னாடி வெச்சு, "கழட்டு கண்ணு, ஏற்கெனவே கெட்டுப் போனதுதான, இதுக்கு மேல என்ன கெடப் போவுது"ன்னு ஸ்க்ரூ டிரைவரைக் கையில கொடுத்தவர். நான் இன்ஜினீயரிங் வந்ததுக்கு அந்த மிக்ஸிதான் காரணம். கவுன்சலிங்ல காலேஜ் சாய்ஸ் கொடுத்த ராத்திரி பக்கத்துலயே உக்கார்ந்து, ஒவ்வொரு காலேஜுக்கும் "சேலத்துல இருந்து எத்தன பஸ் மாறணும்?"னு கேட்டுட்டே இருந்தார்.

நான் முதல் செமஸ்டர்ல இருந்தப்போ இறந்துட்டார். லீவு ஃபாரத்துல 'இறந்தவர் உறவுமுறை'னு ஒரு கட்டம். பெரியப்பான்னு எழுதினா, "சொந்தப் பெரியப்பாவா?"ன்னு கேள்வி வரும். அப்பாவோட ஃப்ரெண்டுன்னு எழுதினா லீவு வராது. கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துட்டு, 'அப்பாவின் நண்பர்'னே எழுதிக் கொடுத்தேன். லீவு கிடைக்கலை. ஒரு நாள் ஆப்சென்ட் விழுந்தது. பரவாயில்லைன்னு ஊருக்குப் போயிட்டேன்.

யோசிச்சுப் பாருங்க. நம்ம எல்லாருக்கும் இப்படி ஒருத்தர் இருப்பார். சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணன், லைப்ரரி கார்டு போட்டுக் கொடுத்த டெய்லர் மாமா, பேங்க் செலான் எழுதச் சொல்லிக் கொடுத்த அக்கா. ரேஷன் கார்டுல அவங்க பேர் இருக்காது. ரெஸ்யூமேல 'ரெஃபரன்ஸ்'னு அவங்களைப் போட முடியாது. போயிட்டா, அவங்களுக்காக அழ நமக்கு என்ன உரிமைன்னு ஒரு தயக்கம் வேற. கலாம் அந்தத் தயக்கத்தை உடைச்சார். ஊர் ஊரா அறிஞர்களைச் சந்திச்ச மனுஷன், படிப்பைப் பாதியில விட்ட ஜலாலுதீனைத் தன் புத்தகத்துல பேர் சொல்லி எழுதி வெச்சார். 2015-ல கலாமும் போயிட்டார். ஆனா ஜலாலுதீன் பேரை நாம இன்னிக்கும் சொல்லிட்டிருக்கோம்.

கடைசியா ஒரு சின்னக் கணக்கு. படகு கட்டினப்போ கலாமுக்கு 6, ஜலாலுதீன் 15 வயசு மூத்தவர். அப்படின்னா அவருக்கு வயசு 21 வாக்கு. அதாவது நம்ம செட்! நரைச்ச தாடி வெச்ச பெரியவரா கற்பனை பண்ணியிருந்தீங்கன்னா, அழிச்சிட்டு மறுபடி வரைங்க. ஃபைனல் இயர் பையன் வயசு ஆள் ஒருத்தர், ஒரு பொடியனைக் கூட்டிட்டு தினமும் நடந்தார். தனக்குத் தெரிஞ்சதைப் பேசினார். அவ்ளோதான்.

உங்க தெருவுலயும் ஒரு ஆறு வயசு வாண்டு, "அண்ணா, இது எப்படி ஓடுது?"ன்னு கேட்டுட்டு நிக்கும். செல்போனைப் பாக்கெட்டுல போட்டுட்டு பதில் சொல்லுங்க. உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் இருக்கார்னா, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்க. இல்லைன்னா, அவர் பேரை யார்கிட்டயாவது சொல்லுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம், வரட்டா!