மிலிட்டரி பூட்ஸ் எல்லா மலைக்கும் ஆகுமா?



தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்பே கம்பம், போடி, தேவாரம் கடைகளின் வாசலில் ரப்பர் கம்பூட்ஸும், கயிறு கோத்த கறுப்பு மிலிட்டரி பூட்ஸும் தொங்க ஆரம்பித்துவிடுகின்றன. விடியற்காலையில் ஜீப் ஏறி கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிற கூலித் தொழிலாளர்களே இவற்றை வாங்குகிறவர்கள். "மிலிட்டரி பூட்ஸ், நல்லா உழைக்கும்" என்ற ஒரு வார்த்தையில் வியாபாரம் முடிந்துவிடுகிறது. எந்த வேலைக்கு, எந்த மாதத்துக்கு என்று யாரும் கேட்பதில்லை. மளிகையோடு இதையும் விற்கிற நாம் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

ராணுவத்திலேயே ஒரே பூட்ஸை எல்லா இடத்துக்கும் கொடுப்பதில்லை. அப்படிக் கொடுத்தபோதெல்லாம் சிப்பாயின் கால்தான் விலை கொடுத்தது. 1962 சீனப் போரில் நம் ஜவான்கள் பலர் பருத்தி உடையும் கேன்வாஸ் ஷூவுமாக இமயமலைக் குளிரில் நிறுத்தப்பட்டார்கள். குண்டுக்குத் தப்பியவர்களிலும் சிலர் பனிக்கு விரல்களைப் பறிகொடுத்தார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழித் தண்ணீரில் நாள்கணக்கில் நின்றவர்களுக்குக் கால் அழுகியது. தினமும் காலைத் துடைத்து, எண்ணெய் தேய்த்து, காய்ந்த சாக்ஸ் மாற்ற வேண்டும் என்று பிரிட்டிஷ் ராணுவம் உத்தரவே போட்டது. வியட்நாம் காட்டுக்கென்று அமெரிக்கர்கள் செய்த பூட்ஸில், வேண்டுமென்றே பக்கவாட்டில் ஓட்டை வைத்தார்கள். மழைக்காட்டில் தண்ணீர் உள்ளே போவதைத் தடுக்க முடியாது, போன தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும் என்பதுதான் கணக்கு.

நம் கடையில் மிலிட்டரி என்று பெயர் போட்டு விற்பதில் பாதி ரெக்சின். தண்ணீர் உள்ளே போனால் சாயங்காலம் வரை அங்கேயே இருக்கும். நிஜத் தோலாக இருந்தாலும், மழைக்காலத்து ஏலத்தோட்டத்தில் ராத்திரி ஒரு பொழுதில் காயாது. மறுநாள் ஈரத்தோடு மாட்டினால் விரலிடுக்கில் சேற்றுப்புண் நிச்சயம். அங்கே கம்பூட்ஸ் அல்லது சீக்கிரம் காயும் கேன்வாஸ் பூட்ஸ்தான் சரி.

மருந்தடிக்கப் போகிறவருக்குத் தோல் பூட்ஸைக் கொடுக்கவே கூடாது. ஏலத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தைத் தோல் உறிஞ்சிக்கொள்ளும்; கழுவினாலும் போகாது. அவருக்கு முழங்கால் வரை உயர்ந்த ரப்பர் கம்பூட்ஸ் கொடுங்கள். பேண்ட்டை பூட்ஸுக்குள் திணிக்காமல் வெளியே விடச் சொல்லுங்கள். உள்ளே திணித்தால் வழிகிற மருந்து நேரே காலில் இறங்கும். இதைச் சொல்ல நமக்கு ஒரு நிமிஷம் ஆகாது.

மாசி, பங்குனியில் நிலைமை வேறு. புல் காய்ந்து சரிவு வழுக்கும். அப்போது பல்லுப் பல்லாக அடி வைத்த தோல் பூட்ஸுக்கு வேலை இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. தீத்தடுப்பு வேலைக்குப் போகிறவர் கேட்டால் பிவிசி கம்பூட்ஸும் நைலான் சாக்ஸும் எடுத்துக் கொடுக்காதீர்கள்; சூட்டில் உருகிக் காலோடு ஒட்டிக்கொள்ளும். (சின்னமனூர் வயலில் நாற்று நடுகிறவருக்கு எந்த பூட்ஸும் வேண்டாம். சேறு பிடித்துக்கொண்டு காலை விடாது.)

சாக்ஸை நாம் பத்து ரூபாய் உபரிச் சரக்காக நினைக்கிறோம். பூட்ஸைவிட அதைப் பார்த்து விற்க வேண்டும். பள்ளத்தாக்கு வெயிலுக்குப் பருத்தி போதும். மலை மழையில் பருத்தி நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளம் போடும்; கம்பளி நனைந்தாலும் சூடு தரும். அட்டைக்கடிக்குப் பின்னல் சாக்ஸ் எதுவும் ஆகாது, கண்ணி வழியே அட்டை நுழையும். நெருக்கமாக நெய்த காடாத் துணியில் முழங்கால் வரை தைத்து நாடா கட்டுகிற அட்டை உறையைச் சாக்ஸுக்கு மேல் போட வேண்டும். நம் ஊர்த் தையற்காரர்களே தைத்துவிடுவார்கள். புகையிலையும் சுண்ணாம்பும் எப்படியும் நம் கடையில்தான் வாங்குகிறார்கள்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்தலாக இருப்பது அளவு விஷயம். ஏலக்காய் எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நமக்கு வருகிற செட்டோ 6 முதல் 10 வரை. 4-ஆம் நம்பர் கால்காரப் பெண் 6-ஆம் நம்பரை வாங்கி, துணியைத் திணித்துக்கொண்டு சரிவில் இறங்குகிறாள். இறக்கத்தில் கால் முன்னே சறுக்கி நகம் கறுக்கிறது. விழுந்து கணுக்கால் சுளுக்கினால் ஒரு வாரக் கூலி போச்சு. நம் கடைப் பாக்கியும் நின்றுபோகும். சின்ன நம்பர் ஓடாது என்று மொத்த வியாபாரிகளான நாங்களே சொல்லிக்கொண்டிருக்கிறோம். இருந்தால்தானே ஓடும்?

விலை காரணமும் இப்போது சொல்ல முடியாது. 2022 ஜனவரியில் ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட காலணிக்கு 5 சதவீதத்திலிருந்து 12 ஆன ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரை 5 சதவீதமாகிவிட்டது. ஊருக்கு நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து 3, 4, 5 நம்பர்களுக்குத் தனி ஆர்டர் கொடுங்கள். விற்காததைத் திருப்பி எடுக்க மொத்தக் கடைகள் ஒப்புக்கொள்ள வேண்டும். இதைச் சித்திரை முடிவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். மழை இறங்கிய பிறகு கேட்டால் கம்பெனிக்காரர்கள் குடோனில் இருப்பதைத்தான் அனுப்புவார்கள்.