பட்டறைக்கு இயந்திரம் வந்தால் மட்டும் போதுமா?

தொழில்நுட்பக் கல்வியின் தரத்தை உயர்த்துவதற்காக அரசாங்கம் கோடிகளை ஒதுக்கிவரும் காலம் இது. 2025 மே மாதம், நாடு முழுவதும் ஆயிரம் அரசு ஐ.டி.ஐ.க்களைச் சீரமைக்க 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 175 பொறியியல் கல்லூரிகளுக்கும் 100 பாலிடெக்னிக்குகளுக்குமாக 4,200 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று வந்தது. அதில் பாதி உலக வங்கிக் கடன். இதற்கெல்லாம் முன்பே, 2022-ல், தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனமாக்கும் வேலையைத் தொடங்கியது.

பலசரக்குக் கடை நடத்தும் நமக்கு இதில் என்ன வேலை என்று அங்கத்தினர் பலர் நினைக்கக்கூடும். நிறைய வேலை இருக்கிறது என்பதே நமது கருத்து.

இன்று நம் கடைகளில் இருக்கும் சாமான்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். எலக்ட்ரானிக் தராசு, பில் போடும் மெஷின், டீப் ஃப்ரீசர், இன்வெர்ட்டர், காமிரா, சரக்கு ஏற்றும் வண்டி. படிக்கல்லும் தராசுத் தட்டும் இருந்த காலத்தில் பழுது பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை. இன்று ஃப்ரீசர் ஒரு ராத்திரி நின்றுபோனால் பாலும் ஐஸ்கிரீமும் வீண். நஷ்டம் நம் தலையில். புதிதாக வரும் ஃப்ரீசர்கள் பலவற்றில் ஆர்-290 என்ற வாயுவை அடைக்கிறார்கள். அது புரொப்பேன், தீப்பற்றக்கூடியது. பழைய பழக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோய்க் குழாயைப் பற்றவைக்கும் மெக்கானிக்கால் ஃப்ரீசரும் போகும், கடையும் போகும். தராசைப் பழுதுபார்க்க 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி உரிமம் பெற்றவரே வேண்டும். ஆக, நல்ல தொழில் படித்த ஆள் ஊரில் இருப்பது நம் முதலுக்குப் பாதுகாப்பு.

நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது, சிட்கோ தொழிற்பேட்டையும் அங்கேயே இருக்கிறது. இவ்வளவும் ஒரே இடத்தில் அமைந்த ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இராது. ஆனாலும் ஒரு நல்ல குளிர்சாதன மெக்கானிக்குக்காக நாம் நாட்கணக்கில் காத்திருக்கிறோம். படித்த பையன்கள் திருவனந்தபுரத்துக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுகிறார்கள். போகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இங்கே படித்ததற்கு ஏற்ற வேலையும் சம்பளமும் இல்லை என்றால் எவரும் போகத்தான் செய்வார்கள்.

அரசு தரும் பணம் இந்த நிலையை மாற்றுமா? இதற்கு முன் வந்த பணம் என்ன செய்தது என்று பார்ப்பது நல்லது. நாம் புதுக் கொள்முதலுக்கு முன் பழைய கணக்கைப் புரட்டுவதில்லையா, அது போல.

முதலாவது கணக்கு, பொறியியல் கல்லூரிகளுக்காக உலக வங்கிக் கடனுடன் 2003-ல் தொடங்கிய 'டெக்விப்' திட்டம். முதல் கட்டத்தில் 127 நிறுவனங்கள் சேர்ந்தன. ஆய்வுக்கூடம், நூலகம், ஆசிரியர்களுக்கு உயர்படிப்பு என்று பல நன்மைகள் விளைந்ததை மறுப்பதற்கில்லை. 2017-ல் வந்த மூன்றாம் கட்டத்தில் பின்தங்கிய மாநிலங்களின் கல்லூரிகளுக்கு ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் உயர்படிப்பு முடித்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆசிரியர்களாக அனுப்பினார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் 2021-ல் திட்டம் முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. அந்த ஆசிரியர்களில் பலர் வேலை கேட்டு வீதிக்கும் நீதிமன்றத்துக்கும் போக நேர்ந்தது. திட்டப் பணத்தில் வந்த ஆசிரியர், திட்டத்தோடு போய்விட்டார்.

இரண்டாவது கணக்கு, 2007-ல் வந்த ஐ.டி.ஐ. திட்டம். 1,396 அரசு ஐ.டி.ஐ.க்களுக்குத் தலா இரண்டரைக் கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன். முதல் பத்து வருஷம் தவணை கிடையாது; பிறகு இருபது வருஷத்தில் கட்டினால் போதும். நமக்கு அப்படி ஒரு கடன் கிடைத்தால் விடுவோமா? ஒவ்வொரு நிலையத்துக்கும் நிர்வாகக் குழு ஒன்று அமைத்து, தொழில் துறையிலிருந்து ஒருவரைத் தலைவராக வைத்தார்கள். உள்ளூரில் வேலை கொடுப்பவர்கள் உட்கார்ந்து, எந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டும் என்று சொல்வதற்கான நாற்காலி அது. அக்கறையோடு உட்கார்ந்தவர்கள் இருந்த இடத்தில் பலன் கிடைத்திருக்கும். பெயருக்கு உட்கார்ந்த இடத்தில் காகிதம்தான் மிஞ்சியிருக்கும்.

இந்த இரண்டு கணக்கிலிருந்தும் ஒரு பாடம் கிடைக்கிறது. அரசுப் பணம் கட்டடம் கட்டும், இயந்திரம் வாங்கும். அந்த இயந்திரத்தை ஓட்டிக் காட்டி மாணவன் கையைப் பழக்குவதற்கு நிரந்தரப் பயிற்றுநர் வேண்டும். பழகிய கைக்கு வேலை கொடுக்க ஊரில் ஆள் வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால், இறக்கிவைத்த சரக்கு கிட்டங்கியிலேயே கிடந்து காலாவதியாகும் கதைதான்.

இப்போது வந்திருக்கும் 60,000 கோடித் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 30,000 கோடி, மாநிலங்களின் பங்கு 20,000 கோடி, தொழில் நிறுவனங்களின் பங்கு 10,000 கோடி. ஒரு மைய ஐ.டி.ஐ., அதைச் சார்ந்து சராசரியாக நான்கு கிளை ஐ.டி.ஐ. என்று தொகுத்து, பெரிய நிறுவனம் ஒன்றை முன்னே நிறுத்தி நடத்துவது ஏற்பாடு. ஓசூருக்கும் ஒரகடத்துக்கும் இது பொருந்தும். கார் கம்பெனி தன் தேவையைச் சொல்லும், பையன்களையும் எடுத்துக்கொள்ளும். நம் மாவட்டத்தில் முன்னே நிற்கப் போவது யார்?

மணவாளக்குறிச்சி மணல் ஆலை, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் என்று சிலவற்றை விட்டால், இங்கே வேலை கொடுப்பவை பெரும்பாலும் சின்ன இடங்கள். கோட்டாறு, வடசேரி, மார்த்தாண்டம், திங்கள்நகர் கடைகள், அரிசி மில்கள், கயிறு, முந்திரி, ரப்பர் தொழில்கள், குளச்சல், சின்னமுட்டம் துறைகளின் விசைப்படகுகள், ஐஸ் ஃபாக்டரிகள், கன்னியாகுமரியின் லாட்ஜுகள். தனித்தனியாக நாம் சிறியவர்கள். சேர்த்து எண்ணினால், இந்த மாவட்டத்தின் 'தொழில் துறை' என்பது நாம்தான். நாம் வாய் திறக்காவிட்டால், எங்கோ இருக்கும் ஒரு பெரிய கம்பெனியின் தேவைக்கு ஏற்ப நம் பிள்ளைகள் படிப்பார்கள். படித்து முடித்ததும் அங்கேயே போவார்கள். ரோபோ ஓட்டப் படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே குளிர்சாதனம், படகு எஞ்சின், மின்வண்டி, சோலார், தராசு, பில்லிங் மெஷின் இவற்றின் பழுதுபார்ப்பும் பாடத்தில் வலுவாக இருக்க வேண்டும்.

ஆகவே அரசிடம் நாம் கேட்பது மூன்று. ஒன்று, திட்டப் பணம் வருமுன் காலியாக உள்ள பயிற்றுநர் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். இரண்டு, இயந்திரம் வாங்கும் தொகையோடு, அதன் பராமரிப்புக்கும் பயிற்சிக்கான மூலப்பொருளுக்கும் வருஷா வருஷம் தனி ஒதுக்கீடு வேண்டும். மூன்று, நம் மாவட்ட நிலையங்களின் குழுவில் வணிகர்களுக்கும் சிறுதொழில் செய்வோருக்கும் ஓர் இடம் வேண்டும்.

கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. 1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டம் நமக்கும் உரியது. நான்கு பேர் முதல் வேலை செய்யும் நிறுவனம் விரும்பினால் பழகுநர்களை எடுக்கலாம். முப்பது பேர் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். 2016-ல் வந்த தேசியத் திட்டத்தின்படி உதவித்தொகையில் கால் பங்கை ஓர் உச்சவரம்புக்குள் மத்திய அரசு ஏற்கிறது. மொத்த வியாபாரிகளும் சூப்பர் மார்க்கெட் நடத்துவோரும் ஆளுக்கு ஒருவரை எடுத்தாலே மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு வழி பிறக்கும்!

தொழில் கற்றுக்கொடுத்தால் பையன் தனிக்கடை போட்டுப் போய்விடுவான் என்பார்கள் சிலர். போகட்டுமே. நம்மில் எத்தனை பேர் இன்னொருவர் கடையில் பொட்டலம் மடித்துக் கணக்குப் படித்து, பிறகு தனியாகத் தொழில் தொடங்கியவர்கள்! அன்று நம் முதலாளி அப்படி நினைத்திருந்தால் இன்று நாம் கல்லாவில் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

ஒவ்வொரு கிளைச் சங்கமும் அடுத்த கூட்டத்தில் தங்கள் பகுதிக் கடைகளுக்கு எந்தெந்த வேலைக்கு எத்தனை பேர் தேவை என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். அதைக் கோணத்து நிலையங்களின் முதல்வர்களிடமும் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலும் நேரில் கொடுக்க வேண்டும். இந்தக் கோடிகளில் நாம் கட்டிய ஜி.எஸ்.டி.யும் இருக்கிறது. முதல் போட்டவன் வரவைக் கேட்பது தவறாகாது என்பதை அங்கத்தினர்கள் மனதில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.