மூலிகைக் கவர் வருகிறது. சான்றிதழ் யார் தருவது?

வணிகப் பெருமக்களின் கவனத்திற்கு ஒரு விஷயம். மக்கிப்போகும் கவர், அதிலும் கிராம்பு, மஞ்சள், பச்சைத் தேயிலை, மாதுளந்தோல் ஆகியவற்றின் சாறு சேர்த்த கவர் என்று ஒரு புதிய சரக்கைப் பற்றி இப்போது அதிகம் பேசப்படுகிறது. உள்ளே வைத்த பண்டம் கூடுதல் நாள் தாங்கும், தூக்கி எறிந்தால் மண்ணோடு மண்ணாகும் என்கிறார்கள். ஆராய்ச்சி நிலையங்களில் வேலை மும்முரமாக நடக்கிறது. நாளைக்கு ஒரு விற்பனைப் பிரதிநிதி மாதிரிக் கவரோடு நமது கடைப் படியேறும்போது அவரிடம் என்ன கேட்பது என்பதை இன்றே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏனென்றால் கடந்த சில ஆண்டுகளில் பொட்டலம் கட்டும் பொருளால் நாம் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1-1-2019 முதல் தமிழகத்தில் கேரி பேக், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள் உட்பட 14 பொருட்களுக்குத் தடை வந்தது. 1-7-2022 முதல் மத்திய அரசின் தடையும் சேர்ந்துகொண்டது. செய்தித்தாளில் வடை, பஜ்ஜி கட்டக்கூடாது என்பதும் சட்டமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் தடை முதலில் வந்தது. மாற்றுப் பொருள் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. இடைப்பட்ட காலத்தில் அபராதம் கட்டியவர் சில்லறை வியாபாரிதான்.

இந்த மூலிகைக் கவரின் தத்துவம் நமக்குப் புதிதல்ல. வெண்ணெய் உருக்கும்போது நம் வீட்டுப் பெண்கள் முருங்கை இலை போடுகிறார்கள். நெய் சீக்கிரம் காறாது. தானிய மூட்டையில் வேப்பிலையும் வசம்பும் போட்டு வைத்த தலைமுறை நம்முடையது. எண்ணெய்ப் பண்டம் காற்றுப் பட்டுக் காறுவதைத் தடுக்கும் சத்துகள் தாவரங்களில் உள்ளன. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் பூசணத்தையும் கட்டுப்படுத்தும். மரவள்ளி மாவையோ இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானையோ கரைத்து, வளைந்து கொடுக்கக் கிளிசரின் கலந்து, சாறு சேர்த்துத் தட்டில் ஊற்றி அப்பளம்போல் காய வைத்தால் மெல்லிய தாள் கிடைக்கிறது. அதுதான் ஆராய்ச்சிக்கூடத்துக் கவர்.

தட்டில் ஊற்றிக் காய வைப்பது வேறு, ஆலையில் டன் கணக்கில் ஓட்டுவது வேறு. ஆலை இயந்திரத்தில் நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றித்தான் ஃபிலிம் இழுக்க முடியும். அந்தச் சூட்டில் கிராம்பின் வீரியம் எவ்வளவு மிஞ்சும்? அடுத்தது ஈரம். மாவில் செய்த தாள் ஈரத்தை இழுக்கும். அடைமழைக் காலத்தில் முறுக்குப் பாக்கெட் நமுத்துப் போனால், கவர் மக்கும் என்று சொல்லி வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த முடியுமா? சாறு சேர்த்தால் தாள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். வெயிலின் கேட்டிலிருந்து எண்ணெய்ப் பண்டத்தைக் காக்க அது நல்லதுதான். ஆனால் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்கும் நம் மக்கள் மங்கலான பாக்கெட்டைப் பழைய சரக்கு என்றே நினைப்பார்கள். ரவையில் கிராம்பு வாசம் ஏறினால் அது வேறு தகராறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கைட்டோசான் இறால் ஓட்டுச் சரக்கு. ஜெலட்டின் மாட்டுத் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து வருவது. சுத்த சைவம் என்று பலகை மாட்டிய இனிப்புக் கடைக்காரர் இதை அறியாமல் வாங்கி, நாளை ஒரு வாடிக்கையாளர் கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்வார்? கவர் எதனால் ஆனது என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும்.

மக்கும் என்ற சொல்லுக்கும் கணக்கு உண்டு. ஐ.எஸ்.ஓ. 17088 தரத்துக்கான சோதனை சுமார் 58 டிகிரி சூட்டில், உரம் தயாரிக்கும் நிலையில் நடக்கிறது. 180 நாட்களுக்குள் பெரும்பகுதி சிதைய வேண்டும். நம் கடைவீதிச் சாக்கடையில் அந்தச் சூடு ஏது? மக்கும் பிளாஸ்டிக் கேரி பேக் என்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் தேவை. பச்சை நிற மையில் இலைப் படம் அச்சடித்த கவரெல்லாம் இந்தச் சான்று பெற்றதல்ல என்பதை நம்மில் பலர் காசு கொடுத்தே தெரிந்துகொண்டோம்.

எனது முக்கியக் கவலை சட்டப் பொறுப்பு பற்றியது. 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு பேக்கேஜிங் விதிகளின்படி, உணவில் நேரடியாகப் படும் உறைக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றை உணவு வணிகர்தான் வாங்கி வைத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையிலிருந்து உணவுக்குள் இறங்கும் பொருள் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதாவது, இறங்கக் கூடாது என்பது விதியின் எண்ணம். மூலிகைக் கவரின் வேலையோ கொஞ்சம் கொஞ்சமாக உணவுக்குள் இறங்குவதுதான்! இந்த முரண்பாட்டை ஐரோப்பிய நாடுகள் 2009-லேயே தனி விதி போட்டுத் தீர்த்துக்கொண்டன. வேண்டுமென்றே உணவில் சேரவிடும் பொருளை அந்த வரம்பில் கணக்கிடுவதில்லை. ஆனால் அது உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட பொருளாக இருக்க வேண்டும். நம் விதிகளோ காகிதம், கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் என்ற பிரிவுகளோடு நிற்கின்றன. மாவும் மூலிகையும் கலந்த தாளை எந்தப் பிரிவில் சேர்ப்பது? அதிகாரி ஒரு மாதிரி எடுத்துப் போனால் அதை எந்த அளவுகோலால் அளப்பார்?

மளிகைச் சரக்குக்கு மொத்த வியாபாரியின் பில்லே எழுத்துமூல உத்தரவாதமாக 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கருதப்படுகிறது. கவர் வியாபாரத்திலும் அதே முறை வரவேண்டும். கவர் தயாரிப்பாளர் தரும் பில்லில் மூலப்பொருள், எந்தப் பண்டத்துக்கு ஏற்றது, எத்தனை நாள் தாங்கும், ஆய்வகச் சான்று எண் ஆகியவை இருக்க வேண்டும். அந்த பில்லைக் காட்டும் கடைக்காரர் மீது நடவடிக்கை பாயக்கூடாது. புதிய கவரை ஊக்குவிக்க விரும்பும் அரசு முதலில் இந்த ஒன்றைச் செய்யட்டும்.

இவ்வளவு சொல்வதால் நான் இந்தச் சரக்குக்கு எதிரி என்று கருத வேண்டாம். சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளி மாவும் ஈரோட்டு மஞ்சளும் கவராக மாறினால் நமக்குச் சந்தோஷமே. பத்து ரூபாய் கடலை மிட்டாய்ப் பாக்கெட்டில் கவருக்காக எவ்வளவு கூட்டித் தர முடியும் என்பது நமக்குத்தான் தெரியும். ஆராய்ச்சிக் கட்டுரையில் அந்தக் கணக்கு வராது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் தஞ்சாவூர் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் எட்டாத தூரத்தில் இல்லை. ஆராய்ச்சியாளர்களைச் சங்கத்துக்கு அழைத்து நம் சரக்கைக் கொடுப்போம். முறுக்கு, வறுகடலை, கருவாடு ஆகிய மூன்றையும் புதிய கவரிலும் இப்போதுள்ள கவரிலும் கட்டி, குளிர்சாதன அறையில் அல்ல, தகரக் கூரை போட்ட சாதாரண கிடங்கில் ஐப்பசி முழுவதும் வைக்கட்டும். மாதக் கடைசியில் பிரித்து, ஆய்வக எண்ணோடு நம் உறுப்பினர்களின் மூக்கும் நாக்கும் சொல்வதையும் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுமென்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.