விளக்கு மலைமேல், வீட்டில் இருட்டா?

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலை மலையுச்சியில் கொப்பரைச் சுடர் எழுகிறது. அதைக் கண்டதும் ஊர்மக்கள் வாசலில் அகல் ஏற்றுகிறார்கள். "மேலேதான் பெரிய விளக்கு எரிகிறதே, வீட்டுக்கு எதற்கு?" என்று யாரும் எண்ணெயை மிச்சம் பிடிப்பதில்லை. மேகம் மறைத்தால் வீடு இருண்டுவிடும் என்பது பாமரனுக்கும் தெரியும்.

ஆளவந்தார்களுக்கு இது தெரிய வேண்டாமா?

2009இல் இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் "பஞ்சதீப்", அதாவது ஐந்து விளக்கு, என்ற திட்டத்தைத் துவக்கியது. விப்ரோ கம்பெனிக்கு 1,182 கோடி ரூபாய் ஒப்பந்தம். நாடெங்கும் ஆஸ்பத்திரி, மருந்தகம், அலுவலகங்களில் ஏறத்தாழ 31,000 இருக்கைகளுக்கு ஏற்பாடாயிற்று. அங்கே வந்தவை முழுக் கம்ப்யூட்டர்கள் அல்ல. 'தின் கிளையன்ட்' எனும் சிறு பெட்டிகள். திரையும் விசைப்பலகையும் குமாஸ்தாவின் முன்னால். கணக்குப் போடும் மூளையும் ஏட்டைக் காக்கும் பெட்டகமும் கம்பியின் மறுமுனையில்!

பெட்டியை நாம் பழிக்கவில்லை. விலை குறைவு, மின்சாரமும் கொஞ்சம்தான். ஒரு யந்திரத்தைச் செப்பனிட்டால் பல மேஜைகள் சீராகின்றன. செய்யாற்றில் பதிந்த தொழிலாளி திருப்பூர் ஆலைக்குப் போனாலும் அவன் ஏடு அங்கேயும் திறக்கும். நல்லதுதான்.

ஆனால் கம்பி அறுந்தால்? காய்ச்சலோடு வந்தவனிடம் "சர்வர் இல்லை, நாளைக்கு வா" என்றால், அவன் இழந்த அரைநாள் கூலியை யார் தருவது?

2019 ஜூலை முதல் இ.எஸ்.ஐ.க்காக நூறு ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளியிடம் 75 காசு பிடிக்கிறார்கள். முதலாளி கட்டும் 3 ரூபாய் 25 காசும் நம் உழைப்பில் விளைந்ததே. சர்வர் படுத்த மாதத்தில் இந்தப் பிடித்தம் நிற்கிறதா? நிற்காது! வசூல் தவறாது, மருந்து மட்டும் தவறலாமோ?

"மத்தியில் வைத்தால் செலவு குறையும்" என்கிறார்கள். குறையட்டும்! மிச்சத்தில் ஒரு பங்கை ஊர் மருந்தகத்தில் ஒரு நகல் ஏடு வைக்கச் செலவிடுங்கள் என்கிறோம். செலவு குறைவது அவர்களுக்கு, காத்துக் கிடப்பது நமக்கு என்ற பங்கீட்டை நாம் ஏற்க முடியாது.

விவசாயத் தொழிலாளித் தோழர்களே! இது ஆலைக்காரன் விவகாரம் என்று ஒதுங்காதீர்கள். உங்களுக்கு இ.எஸ்.ஐ.யே கிடையாது. ஆனால் 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு செல்போன் மூலம்தான் என்று கட்டாயமாக்கினார்கள். மண்வெட்டி பிடித்தவளை ஊரே பார்த்தது. படம் மேலே ஏறாவிட்டால் ஏட்டில் அவள் இல்லை! கம்பியின் மறுமுனை யார் கையில் என்ற கேள்வி இருவருக்கும் ஒன்றே.

நாம் கேட்பவை இவைதான்:

1. இணைப்பு இல்லாத நேரத்தில் கைச்சீட்டு எழுதி வைத்தியம் தரவேண்டும். அது செல்லுபடியாக வேண்டும்.

2. ஒவ்வொரு நிலையத்திலும் ஏட்டின் நகலும், அதைக் காக்க நிரந்தர ஊழியரும் வேண்டும்.

3. ஏடு தொழிலாளியின் சொத்து. ஒப்பந்தக் கம்பெனி மாறினாலும் அது பொது நிறுவனத்தின் கையிலேயே இருக்கவேண்டும்.

4. கவுண்டரில் இருப்பவரும் நம்மைப் போன்ற கூலிக்காரரே. சர்வர் நின்றதற்கு அவரைப் பலியாக்கக் கூடாது.

சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள், தீர்மானமாக்கி அனுப்புங்கள். மலைமேல் விளக்கு எரியட்டும். நம் வீட்டு அகலும் எரிந்தே தீரவேண்டும்!