25 வாட் போதாது

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் பிசிக்ஸ் வாத்தியார், 'ஷலேர்' வேறு, 'தாம்பெராத்யூர்' வேறு என்று பிரம்பை ஆட்டிச் சொல்லுவார். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று அர்த்தம். எனக்கு அது புரிந்தது 2011 டிசம்பரில், தானே புயல் அடித்த மறுநாள் இரவு.

ஊரே இருட்டு. இன்வெர்ட்டரும் நின்றுவிட்டது. மனைவிக்கு இழுப்பு, நெபுலைசர் ஓடியாக வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் பேட்டரி ஒயரின் செம்பு லக் கழன்று தொங்குகிறது. ரேடியோ ரிப்பேருக்கு வாங்கிய 25 வாட் சால்டரிங் அயர்னால் நானே ஈயம் வைத்தது. மேலே பளபளப்பு, உள்ளே ஒட்டவே இல்லை. கம்பியை முறுக்கி நட்டில் இறுக்கி அன்றைக்கு ஒப்பேற்றினேன்.

ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும். 25 வாட்டும் அந்தச் சூட்டைத் தாண்டும். ஆனால் சுண்டுவிரல் பருமன் செம்பில் வைத்ததும் செம்பு அதைக் குடித்துவிடும். விடாமல் அழுத்திப் பிடித்தால் ஒயரின் மேலுறைதான் உருகும்.

கனத்த லக்குக்கு 100 வாட், பருத்த உளிமுனை வாங்குங்கள். ஊசிமுனை போட்டால் 100 வாட்டும் வீண். கடைக்காரர் டிஜிட்டலில் டிகிரி காட்டினால், வாட் எத்தனை என்று கேளுங்கள். லக்கை முதலில் நசுக்கி இறுக்கிவிட்டு ஈயம் வையுங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், அதன் வாயு தீப்பிடிக்கும்.

பழைய 25 வாட்டை நான் தூக்கிப் போடவில்லை. ரேடியோவுக்கு அதுதான் சரி.