அண்ணாச்சி கேட்ட ஜெர்மன் கவிதை

எங்கள் தெருவில் பகல் முழுக்க விசைத்தறி ஓடும். கரண்ட் போனால்தான் காதுக்கு ஓய்வு. போன வாரம் அப்படி ஒரு மதியம், திண்ணையில் உட்கார்ந்து கைபேசியில் ஜெர்மன் கவிஞர் யான் வாக்னரின் கவிதை ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கவிஞரே வாசித்தது. எனக்கு ஜெர்மன் தெரியாது. மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு, பிறகு குரலைக் கேட்பேன். தறியை விட்டு வெளியே வந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

“என்ன பாஷை தம்பி? ஒண்ணும் விளங்கல. ஆனா ஒரு ‘ஷ்’ சத்தம் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கே.”

கவிதையின் உயிரையே பிடித்துவிட்டார். கவிதையின் பெயர் ‘கீர்ஷ்’. ஜெர்மனியில் வீட்டுத் தோட்டங்களில் மண்டுகிற ஒரு களை அது. பிடுங்கப் பிடுங்க, மண்ணுக்குள்ளேயே வேரோடி வேறிடத்தில் தலைகாட்டும். வாக்னர் அதைப் பதினான்கு வரி சானெட்டாக எழுதினார். களையின் பெயரிலுள்ள ஓசை சொல்லுக்குச் சொல் தொற்றிப் பரவி, முடிவில் தோட்டத்தையே மூடிவிடுகிறது. இதைச் சொன்னதும், “நம்ம கோரைதான! அது போகாதுல்லா” என்றார் அண்ணாச்சி. கரிசலில் களை எடுத்தவருக்கு அதற்குமேல் உரை தேவைப்படவில்லை.

அந்தக் கவிதை உள்ள தொகுப்புக்கு 2015இல் லைப்சிக் புத்தகச் சந்தைப் பரிசு கிடைத்தது. கவிதைத் தொகுப்பொன்று அதைப் பெற்றது அதுவே முதல்முறை. 2017இல் வாக்னருக்கு கெயோர்க் பியூஷ்னர் பரிசும் வந்தது.

ஜெர்மனியில் கவிதை வாசிப்பை ‘தண்ணீர் கிளாஸ் வாசிப்பு’ என்றே சொல்லும் வழக்கம் உண்டு. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு கிளாஸ் தண்ணீர், கையில் புத்தகம்; கவிஞர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். மேடைப் போட்டிகளில் வளர்ந்த நோரா கோம்ரிங்கர் போன்ற கவிஞர்கள் மேசையை விட்டு எழுந்து, குரலையே ஒரு வாத்தியமாக்கினார்கள். பெர்லின் கவிதை விழாவில் ஓர் இரவு இருக்கிறது: பல நாட்டுக் கவிஞர்கள் அவரவர் மொழியில் வாசிக்க, மொழிபெயர்ப்பு ஒரு சிறு புத்தகமாகக் கேட்பவர் மடியில் இருக்கும். என் திண்ணைப் பழக்கத்தை அங்கே ஓர் அரங்கமே செய்கிறது.

அந்த நாட்டில் என்னை அதிகம் ஈர்ப்பது ட்யூபிங்கன் ஊரில், நெக்கர் ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு கோபுர வீடு. மனம் கலங்கிய கவிஞர் ஹோல்டர்லின் 1807 முதல் 1843இல் இறக்கும்வரை, 36 ஆண்டுகள், ஒரு தச்சர் குடும்பத்தின் பராமரிப்பில் அங்கே இருந்தார். கவிதை எழுதும்போது இடது கையால் தாளம் தட்டுவார் என்று பார்க்கப் போனவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இன்று அது அருங்காட்சியகம். 2020இல் புதுப்பித்துத் திறந்தபோது, கவிதையின் சந்தத்தை வருகிறவர்கள் காதாலும் உடம்பாலும் உணர்வதற்கே அங்கே இடம் ஒதுக்கினார்கள். கையெழுத்துப் படியைக் கண்ணாடிக்குள் வைப்பதோடு கவிதையைக் காத்துவிட்டதாக அவர்கள் நினைக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நமக்கும் எட்டயபுரம் இருக்கிறது. பாரதி பிறந்த வீடு இருக்கிறது. 1947இல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. எத்தனையோ முறை போயிருக்கிறேன். படங்களைப் பார்ப்போம், சிலையை வணங்குவோம், திரும்புவோம். பாரதி பாடிக் கேட்டவர்கள் அந்தக் குரலைப் பற்றி உருகி எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குரலின் ஒலிப்பதிவு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. இந்த இழப்பு நினைவில் இருந்தால், கோவில்பட்டிக் கவிஞர் தேவதச்சனின் குரலையும், கலாப்ரியா, கல்யாண்ஜி, விக்ரமாதித்யன் குரல்களையும் முறையாகப் பதிந்து, பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் ஒரு சிறு அறையில் யாரும் கேட்கும்படி வைத்திருப்போம். மாதம் ஒரு மாலை, ஒரு கவிஞர், ஒரு மேசை. பொன்னாடை வேண்டாம், தலைமையுரை வேண்டாம். அரை மணி நேரம் கவிதை மட்டும் போதும்.

இதை எங்கள் ஊரிலிருந்து சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. காவடிச்சிந்து தந்த அண்ணாமலை ரெட்டியார் எங்கள் பக்கத்துச் சென்னிகுளத்துக்காரர். 1865இல் பிறந்து, முப்பதைத் தொடாமலே போய்விட்டார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்தபோது, வழிநடைக்குப் பாடிய பாட்டு அது. நடக்கிற காலுக்கு அளந்து வைத்த சந்தம். உட்கார்ந்து வாயசைக்காமல் படித்தால் அதில் பாதி கிடைக்காது.

சில வருஷங்களுக்கு முன், கழுகுமலை ரோட்டில் காவடியோடு போன ஒரு கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நடந்தேன். காவடிச்சிந்து பாடிக்கொண்டு வந்த பெரியவரிடம், இது யார் எழுதியது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. “எங்கப்பா பாடுவாரு” என்றார். பாட்டோ ஒரு சொல் பிசகாமல் வந்தது. அன்று அதைப் பதிந்து வைக்கத் தோன்றவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

வருகிற பங்குனி உத்திரத்துக்கு மறுபடியும் அந்த ரோட்டில் நடக்கப் போகிறேன், கைபேசியில் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு. அண்ணாச்சியும் தறிக்கு லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.